ஏழாம் எண் பள்ளி

1962 ஜனவரி 18, வியாழன்

ஐந்தாம் பாரம் 'இ' பிரிவின் சரித்திர நோட்டுகளைத் திருத்தி முடித்தேன். நாற்பத்திரண்டு. அசோகர் சாலையோரம் மரம் நட்டார் என்பதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எதற்காக நட்டார் என்பதை ஒருவனும் எழுதவில்லை. நான் பாடம் நடத்தும் லட்சணம் அப்படி.

பாளையங்கோட்டைப் பேராசிரியரிடமிருந்து கார்டு வந்திருக்கிறது. என் எம்.எட். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டாராம். 'நேரில் வரவும்' என்று ஒரே வரி. நன்றாக இருந்தால் இரண்டு வரி எழுதியிருப்பார்.

வயது நாற்பத்தொன்று. பள்ளிக்கூடம் போன நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இந்தப் படிப்பு என்று நான்கு வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் புள்ளியியல் தாளில் தோற்று, மறுபடி எழுதித் தேறினேன். இனி ஆய்வேடு ஒன்றுதான் பாக்கி. அதுவும் தேறாவிட்டால் விட்டுவிடுவேன் என்று மீனாட்சியிடம் சொன்னேன்.

"அத போன வருசமும் சொன்னியளே" என்றாள்.

ஜனவரி 27, சனி

மணியாச்சியில் வண்டி மாறி, திருநெல்வேலியில் இறங்கி, பாளையங்கோட்டை போய்ச் சேரப் பதினொரு மணி. பேராசிரியர் என்னை உட்காரச் சொன்னார். அதுவே பயமாக இருந்தது.

பிள்ளைகளின் பள்ளி வருகையை மதிய உணவு எந்த அளவு கூட்டியிருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. கரிசல் கிராமங்களில் பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகளுக்குப் போய் வருகைப் பதிவேடுகளைப் பார்த்து அட்டவணை போட்டிருக்கிறேன். ஊர்ப் பெயர் கிடையாது. போய்வந்த வரிசைப்படி ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள்தான். அவர் விரல் ஏழாம் எண்ணில் நின்றது. பிப்ரவரி, மார்ச், தொண்ணூற்று மூன்று சதவீதம்.

"மாசி பங்குனியில உங்க பக்கம் பருத்தி எடுக்க யார் போறாங்க, மிஸ்டர் ராமசுப்பு?"

நான் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க பதிவேட்டைப் பார்த்தீங்க. பிள்ளைகளைப் பார்த்தீங்களா?"

திரும்பி வரும்போது வண்டியில் கூட்டமில்லை. ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடந்தது. எனக்குத் தெரியாதா? நான் பருத்தி எடுத்து வளர்ந்தவன்தானே. முதல் வேலையில், குளத்தூர்ப் பக்கம் தொடக்கப் பள்ளியில் இருந்த ஆறு வருஷமும், வராத பிள்ளைக்கு வந்ததாகக் கோடு போட்டவன்தானே. அதிகாரி வந்தால் எண்ணிக்கை குறையக்கூடாது, எல்லோரும் செய்தோம். அப்படியிருந்தும் அந்தக் கோடுகளை நம்பி, சதவீதம் கண்டு, வரைபடம் வேறு போட்டிருக்கிறேனே — என்ன புத்தி இது? படிப்பு ஏற ஏறத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகுமா?

பிப்ரவரி 13, செவ்வாய்

லீவு போட்டுவிட்டுப் புதூர் பஸ்ஸில் போய் இறங்கி, வேப்பூரணிக்கு நடந்தேன். சொல்லாமல் போனேன்.

வேப்பூரணிதான் ஏழாம் எண். அங்கே ஒற்றை ஆசிரியர் அல்லாபிச்சை. டிரெயினிங் ஸ்கூலில் எனக்கு ஐந்து வருஷம் பின்னால் படித்தவன், பதினொரு வருஷமாக அந்த ஊரில் தனியாகக் கிடக்கிறான். சென்ற ஆண்டு நான் பதிவேடு கேட்டபோது ஒரு கேள்வி கேட்காமல் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தவன்.

பத்தரை மணிக்கு உள்ளே நுழைந்தேன். தரையில் பதினொரு பிள்ளைகள். மேஜைமேல் பதிவேடு திறந்திருந்தது. நாற்பத்தாறு பெயர்களில் நாற்பத்து மூன்றுக்கு அன்றைய வருகை போட்டாகிவிட்டது. மை காய்ந்தும் போயிருந்தது. நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

"வாங்க அண்ணாச்சி. ஒரு கார்டு போட்டிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

பன்னிரண்டேகாலுக்கு வந்தார்கள். காட்டிலிருந்து நேராக. தலையில் பருத்தித் தூசி, கையில் தட்டு. ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள். சமையல் செய்யும் இசக்கியம்மாள், "வரிசையா உக்காருங்கட்டி, தள்ளாதலே" என்று சத்தம் போட்டுக்கொண்டே சோறு போட்டாள். நான் எண்ணினேன். புதிதாக வந்தவர்கள் முப்பத்திரண்டு. பதினொன்றும் முப்பத்திரண்டும் நாற்பத்து மூன்று. அல்லாபிச்சையின் கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர்களை விடவில்லை. பத்து நிமிஷம் நிறுத்திவைத்து, ஆளுக்கு ஒரு வார்த்தை படிக்க வைத்தான். பிறகு காட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

"காலையில வரலைன்னு போட்டா அந்தப் பிள்ளைக்கு அரிசி கிடையாது அண்ணாச்சி. அரிசி இல்லன்னா மத்தியானமும் வராதுக. அப்புறம் அந்தப் பத்து நிமிசமும் போச்சு."

"ஆக, இது வருகைப் பதிவேடு இல்ல."

"சோத்துப் பதிவேடுன்னு வச்சுக்கிடுங்க." சிரித்தான். பிறகு சிரிக்காமல் கேட்டான்: "உங்க புஸ்தகத்துல ஊர் பேரு வருமா?"

"வராது. நம்பர் மட்டுந்தான்."

"அப்ப எழுதுங்க. நீங்க படிச்சு மேல வந்தா எங்களுக்குந்தான பெருமை."

பிப்ரவரி 14, புதன்

பதினொன்று. நாற்பத்து மூன்று. வகுப்பில் பானிப்பட்டு யுத்தத்தின் வருஷத்தைத் தவறாகச் சொன்னேன். ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை.

மார்ச் 4, ஞாயிறு

இன்னும் நான்கு பள்ளிகளுக்குச் சொல்லாமல் போய்வந்தேன். எல்லா இடத்திலும் இதே வழக்கம்தான், அளவில்தான் வித்தியாசம். ஆனால் மற்ற ஊர்களில் காலையிலேயே முப்பது பேருக்குக் குறையவில்லை. இருபதுக்குக் கீழே நிஜ வருகை உள்ளது வேப்பூரணி மட்டும். இருபதுக்குக் கீழே என்று மேலே தெரிந்தால் ஒற்றை ஆசிரியர் பள்ளி நிலைக்காது.

நேற்று பேராசிரியரிடம் சொன்னேன். மனுஷர் எழுந்தே நின்றுவிட்டார். "இதுதான் உங்க ஆய்வு. மற்றதெல்லாம் காகிதம். ஏழாம் எண்ணை விரிவா எழுதுங்க. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பிள்ளைகள் வர்றதை அப்படியே எழுதுங்க."

எழுதினேன். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அடுத்தவன் புத்தகத்தைப் பார்க்காமல் எட்டுப் பக்கம் எழுதினேன். ஆங்கிலம் தானாக வந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது — அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் பசி எனக்கு எட்டுப் பக்கம்.

ஏழாம் எண்ணை விட்டுவிடலாமா? விட்டால் ஆய்வேடு பழையபடி காகிதம். போகட்டும், எண் மட்டும்தானே. யாருக்குத் தெரியப்போகிறது?

ஏப்ரல் 8, ஞாயிறு

நாளை டைப் அடிக்கக் கொடுக்க வேண்டும். நன்றியுரைதான் பாக்கி. பன்னிரண்டு ஆசிரியர்களுக்கும் பெயர் சொல்லி நன்றி எழுதாவிட்டால் நான் மனுஷன் இல்லை. ஆனால் யாரை முதலில் போடுவது? எங்கள் கூட்டத்தில் இது லேசான காரியமா? போன வருஷம் சங்க நோட்டீசில் பெயர் கீழே இறங்கிவிட்டது என்று இரண்டு தலைமை ஆசிரியர்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. சர்வீஸ்படி போட்டால் சம்பளம் கூடியவன் கோபிப்பான். சம்பளப்படி போட்டால் வயதானவன் கோபிப்பான்.

மீனாட்சிதான் வழி சொன்னாள். "நீங்க எந்த ஊருக்கு மொதல்ல போனியளோ அந்த வரிசையில போடுங்க. யாரும் வாய் தொறக்க முடியாது."

அப்படியே எழுதினேன். ஒருவருக்கும் மனத்தாங்கல் வராது.

ஜூன் 24, ஞாயிறு

தேறிவிட்டேன். இரண்டாம் வகுப்பு. அக்டோபர் கடைசியில் பட்டமளிப்பு.

மீனாட்சி பாயசம் வைத்தாள். தலைமையாசிரியர் சாமித்துரை வீடு தேடி வந்து, டிரெயினிங் ஸ்கூல் விரிவுரையாளர் வேலைக்கு என் பெயரை எழுதி அனுப்புவதாகச் சொன்னார். இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். ஏனோ சந்தோஷம் உள்ளே இறங்கவில்லை. பழக்கமில்லாததால் இருக்கலாம்.

ஜூலை 22, ஞாயிறு

இன்று எனக்குப் பாராட்டுக் கூட்டம். ஆசிரியர் சங்கம் நடத்தியது. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு நானே எனக்குச் சாக்குச் சொல்வேன்.

எங்கள் சரகப் பள்ளிகளின் டெபுடி இன்ஸ்பெக்டர் தலைமை. மேஜைமேல் என் ஆய்வேட்டை வைத்திருந்தார்கள், பூமாலை போட்டு. அல்லாபிச்சை வேப்பூரணியிலிருந்து ரோஜாப்பூ மாலையோடு வந்திருந்தான். மேடையேறி எனக்குப் போட்டான். அப்படியே ஆய்வேட்டைத் திறந்து நன்றியுரைப் பக்கத்தை எடுத்து, "என் பேரும் இதுல இருக்கு சார்" என்று டெபுடி இன்ஸ்பெக்டரிடம் காட்டினான். அச்சு மாதிரி எழுத்தில் அவன் பெயர் வந்தது இதுதான் முதல் தடவையாம். அத்தனை பேர் முன்னால் குழந்தை மாதிரி சிரித்தான்.

மற்றவர்கள் பேசப் பேச டெபுடி இன்ஸ்பெக்டர் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் நின்றார். பிறகு பின்னால் போனார், முன்னால் வந்தார். விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று பெயர்களை எண்ணினார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மாலை கழுத்தில் கிடந்தது.

"ஏழாம் எண் பள்ளி எது சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அது சொல்லக்கூடாது சார். ஆய்வு தர்மம்."

"நீங்கதான் சொல்லியிருக்கீங்களே" என்றார். அவர் விரல் ஏழாவது பெயரில் இருந்தது.

பள்ளிகளுக்கும் போன வரிசை. பெயர்களுக்கும் போன வரிசை. அட மடையா. அட மடையா. நாலு வருசம் படிச்சியே.

ஜூலை 23, திங்கள்

அவனுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, புதன்

அல்லாபிச்சை வந்தான். வாசலிலேயே நின்றான், மீனாட்சி கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தான்.

போன வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு டெபுடி இன்ஸ்பெக்டர் வேப்பூரணிக்குப் போயிருக்கிறார். பதினான்கு பேர் இருந்திருக்கிறார்கள். மீதி முப்பத்திரண்டு பெயரையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். இனிப் பதினான்கு பேருக்குத்தான் அரிசி. மார்ச்சோடு பள்ளியை மூடலாம் என்று மேலே எழுதியாயிற்று. அல்லாபிச்சைக்குக் குளத்தூர்ப் பக்கம் மாறுதல். இரண்டு இன்கிரிமென்ட் நிறுத்தம்.

"எம்மேல தப்புத்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"நீங்க பொய் எழுதலியே அண்ணாச்சி. பொய் எழுதினவன் நாந்தான." காப்பியை ஆறவிட்டுக் குடித்தான். "என்னைய விடுங்க. நான் எங்கன போனாலும் வாத்தியாருதான். அந்தப் பிள்ளையள நெனச்சாத்தான்..."

அவன் திட்டியிருக்கலாம். ரெண்டு அறை அறைந்திருக்கலாம். போகும்போது, "டிரெயினிங் ஸ்கூல் ஆர்டர் வந்துட்டா" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 22, புதன்

வேப்பூரணிக்குப் போனேன். ஏன் போனேன்? பார்த்து என்ன செய்யப்போகிறேன்?

கொம்பையா என்று ஒரு புது ஆசிரியர் வந்திருக்கிறார். இருபத்திரண்டு வயது இருக்கும். பயந்த மாதிரி இருந்தார். பன்னிரண்டேகாலுக்குப் பதினான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்போது மற்றதுகளும் வந்தன. ஆடு மேய்க்கிற இடத்திலிருந்து, தீப்பெட்டி ஒட்டுகிற வீட்டிலிருந்து. கையில் தட்டு இல்லை. வேலி ஓரமாக நின்றன. கேட்கவில்லை, அழவில்லை, சும்மா நின்றன.

"தெனமும் இப்படித்தான் வருதுக" என்றாள் இசக்கியம்மாள். "பேரு இல்லாத பிள்ளைக்கு நான் எப்படிப் போட? அளந்துல்லா குடுக்காவ. மொத நாளு தட்டோட வந்துச்சு. இல்லன்னு சொன்னம். மறுநாளுலேர்ந்து தட்டு இல்லாம வருதுக. நீங்க யாரு, கணக்கு எடுக்க வந்தவியளா?"

இல்லை என்றேன்.

என் எட்டுப் பக்கத்தைப் பேராசிரியர் பாராட்டினார். 'உயிருள்ள சித்திரம்' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். நான் செத்துப்போகலாம் போல இருக்கிறது. எழுதக்கூடாத வார்த்தை. எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 28, செவ்வாய்

டெபுடி இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் எண்ணினது ஒரு நாள் சார். ஒரு நாள் குறைஞ்சா எச்சரிக்கை கொடுத்து விட்டுடலாம். ஆறு மாசம் முன்னாடி நீங்க எண்ணினதும் சேர்ந்ததாலதான் அது வழக்கமான மோசடின்னு ஆச்சு. ஃபைல் நிக்கிறதே உங்க அட்டவணை மேலதான்."

"அட்டவணை தப்புன்னா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். "தப்புன்னு நீங்க கையெழுத்துப் போட்டு எழுதித் தரணும். தந்தா முப்பத்திரண்டு பேரையும் திரும்பச் சேர்க்கலாம். மூடுற பேச்சும் நிக்கும். ஆனா அந்தக் கடுதாசியப் பல்கலைக்கழகத்துக்கும் நான் அனுப்பியாகணும். யோசிச்சுச் செய்ங்க. இன்னும் பட்டம் வாங்கல நீங்க."

"அல்லாபிச்சை?"

"மாறுதல் மாறுதல்தான் சார்."

செப்டம்பர் 2, ஞாயிறு

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். 'பிப்ரவரி 13 அன்று அந்த ஊரில் கோயில் கொடைத் திருவிழா நடந்தது. அதனால் வருகை குறைந்திருந்தது. அதை ஆய்வேட்டில் மறைத்துவிட்டேன். என் எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல.' நான்கே வாக்கியம். எல்லாம் பொய். என் ஆய்வேட்டில் உண்மையாக இருந்தது அந்த எட்டுப் பக்கம் மட்டும். அதைத்தான் பொய் என்று எழுத வேண்டும்.

மீனாட்சி பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு? நாலு வருசம் இந்த வீட்டுல நல்லது பொல்லாததுக்கு எங்கயாச்சும் போயிருப்பமா? எங்க அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூடப் பரீட்சைன்னு சொல்லி வரல நீங்க. இப்ப நீங்களே போயி இல்லன்னு சொல்லப் போறியளா?"

நான் அந்தப் பிள்ளைகள் தட்டில்லாமல் வந்து நின்றதைச் சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் பலமாகக் கேட்டது. பிறகு அங்கிருந்தே, "வரிசையில போடச் சொன்னவ நாந்தான்" என்றாள்.

செப்டம்பர் 3, திங்கள்

கடிதத்தை நேரில் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை.

அக்டோபர் 11, வியாழன்

பல்கலைக்கழகத்திலிருந்து பதிவுத் தபால். ஆய்வாளரே தம் தரவுகளை நம்பத்தகாதவை என்று ஒப்புக்கொண்டிருப்பதால் பட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது. மறு உத்தரவு வரை மறுபடி பதிவு செய்யவும் இயலாது.

மன்னிப்புக் கேட்டுப் பேராசிரியருக்கு எழுதிய கடிதத்துக்கும் இன்று பதில் வந்தது. ஒரே வரி. 'உங்களை நம்பியதற்கு வருந்துகிறேன்.' அவரிடமாவது நிஜத்தைச் சொல்லலாமா? சொன்னால் அவர் பேசாமல் இருக்கமாட்டார். ஃபைல் மறுபடி எழுந்து நிற்கும். அவர் என்னை மோசடிக்காரன் என்றே நினைத்துச் சாகட்டும்.

சாமித்துரை சார் டிரெயினிங் ஸ்கூல் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார். அதை என்னிடம் சொல்லக்கூட இல்லை, கிளார்க் சொன்னார். ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. பியூன் வேல்சாமி மட்டும் வழக்கம்போல, "சார், நாலாவது பீரியடு உங்களுக்கு" என்றான்.

நான்கு வருஷம். நான்கு வருஷம். நான் நல்லது செய்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. அல்லாபிச்சை அங்கே கிடக்கிறான். நான் இங்கே கிடக்கிறேன். பிள்ளைகள் காட்டில் கிடக்கின்றன. எதுவும் சரியாகவில்லை, கெடுத்ததில் கொஞ்சம் ஒட்டுப்போட்டேன், அவ்வளவுதான்.

நவம்பர் 21, புதன்

மழை. புதூர் பஸ்ஸில் எல்லோரும் சீனச் சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேப்பூரணிப் பாதையில் கரிசல் மண் காலில் அப்பி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கொம்பையா என்னைப் பார்த்ததும் மேஜையிலிருந்த பதிவேட்டைச் சட்டென்று மூடினார். மூடட்டும். இசக்கியம்மாள் அடையாளம் கண்டுகொண்டு, "உக்காருங்க சார், ஈரத்துல நிக்காதிய" என்று ஒரு சாக்கை எடுத்து விரித்தாள். வாசலில் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டேகாலுக்கு வந்தார்கள். நனைந்துகொண்டு, தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு. எல்லோரும் உள்ளே உட்கார இடம் போதாமல் ஒருத்தர் முழங்காலை ஒருத்தர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வேலி ஓரத்தில் யாரும் இல்லை.

பழக்கதோஷம், எண்ணினேன். எத்தனை பேர் என்று இங்கே எழுதப்போவதில்லை.